எங்கட மேசைக்கு ஒழுங்கு சொல்லித் தந்தது யார்?

யூடியூபில் ‘டெஸ்க் செட்டப்’ என்று தேடிப் பாருங்கள். வெள்ளை மேசை, அதில் ஒரு லெப்டொப், ஒரு பச்சைச் செடி, ஒரு மஞ்சள் விளக்கு. வயர் ஒன்றுகூட வெளியே தெரியாது. மருதமுனை தொடங்கி நிந்தவூர் வரைக்கும் எங்களுக்குப் பழக்கமான வீடுகளில் இப்படி ஒரு மேசையை நாங்கள் கண்டதில்லை. இங்கே படிக்கிற மேசை என்பது பெரும்பாலும் சாப்பிடுகிற மேசைதான். இரவு கறிக்கோப்பைகள் எடுபட்ட பிறகு துடைத்துவிட்டு, அதே மேசையில் பாஸ்ட் பேப்பரை விரிக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு அதுவும் நிச்சயமில்லை. பாதி மேசையைத் தையல் மெசின் பிடித்துக்கொண்டிருக்கும்.

அப்படியிருந்தும் “மேசையப் பாரு, கோழி கிளறின மாதிரிக் கெடக்கு” என்ற ஏச்சு வாங்காமல் வளர்ந்தவர் நம்மில் யாரும் இல்லை. எங்களுக்கு வந்த கேள்வி சின்னதுதான். மேசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று இந்தக் கரைக்கு வந்து சொன்னவர்கள் யார்? யாருடைய வசதிக்காகச் சொன்னார்கள்? கலைப்பீடத்தில் வரலாறு படிப்பதால் வந்த வருத்தம் இது. எதைப் பார்த்தாலும் ‘இது எப்போ தொடங்கிச்சு’ என்று கேட்கத் தோன்றும்.

சொற்களில் இருந்தே தொடங்கலாம். மேசை போர்த்துக்கேயச் சொல். கதிரையும் அப்படித்தான். அலுமாரி, சாவி, பேனா, கடுதாசி எல்லாம் அதே கப்பலில் வந்து இறங்கியவை. இழுத்துத் திறக்கிற லாச்சி ஒல்லாந்தச் சொல். எங்கட மூத்தவர்கள் ஒபிசைக் ‘கந்தோர்’ என்பார்களே, அதுவும் ஒல்லாந்தம். காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசும், புத்தகம் அடுக்குகிற இறாக்கையும் அவர்களோடு வந்தவைதான். காகிதம் மட்டும் பாரசீகம், அறபு வழியாக வேறு பாதையில் வந்தது. மேசையில் இருக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பெயர் சொன்னால் 300 வருட ஆட்சி மாற்றம் வரிசையாக வந்துவிடும்.

இதில் ஒரு விசயம் எங்களை உறுத்தியது. 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. கிழக்கு முஸ்லிம்களின் வரலாறு பேசும் எல்லோரும் இதைச் சொல்வார்கள். துரத்தியவனுடைய சொல்லால்தான் இன்றைக்கும் மேசைக்குப் பெயர் சொல்கிறோம் என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆனால் மேசை வர முன்னமே இங்கே ஒழுங்கு இருந்தது. ஓதப்போன காலத்தை நினைத்துப் பாருங்கள். ஐந்து ஆறு வயதில் நம்மில் அநேகருக்குக் கிடைத்த முதல் மேசை ரெஹால்தான். ஒரே பலகையில், ஆணி இல்லாமல் அறுத்து, கத்தரி மாதிரி விரியும் அந்தக் குர்ஆன் பலகை. அதில் வேறு எதையும் வைக்கக்கூடாது. குர்ஆனுக்கு மேல் வேறு புத்தகம் வைக்கக்கூடாது. கால் நீட்டக்கூடாது. இது உஸ்தாத்மார் கையில் பிரம்போடு கண்டுபிடித்த சட்டம் என்று நாங்கள் கனகாலம் நினைத்திருந்தோம். உண்மையில் இதற்கு எழுத்தில் நீண்ட மரபு இருக்கிறது. ஸர்னூஜியின் ‘தஃலீமுல் முதஅல்லிம்’ மாணவர்களுக்கு எழுதப்பட்ட கைநூல். புத்தகத்தின் மேல் மைக்கூட்டை வைக்காதே என்று அதில் இருக்கிறது. 1333 இல் இறந்த இப்னு ஜமாஆ இன்னும் விரிவாகப் போகிறார். நூல்களை அவற்றின் விடயத்தின் மதிப்புப்படி அடுக்கு, குர்ஆன் எல்லாவற்றுக்கும் மேலே. பெரிய நூலைச் சின்ன நூலுக்கு மேல் வைக்காதே, சரிந்து விழும். தலைப்பைத் தாள்களின் ஓரத்தில் எழுது, அடுக்கில் இருந்து இழுக்காமலே எது எதென்று தெரியும். புத்தகத்தைத் தலையணையாக வைக்காதே, விசிறியாக்காதே, பூச்சி அடிக்காதே.

கடைசி வரியைப் படித்தபோது நாங்கள் சிரித்துவிட்டோம். 700 வருடத்துக்கு முன்னும் மாணவர்கள் புத்தகத்தால் நுளம்பு அடித்திருக்கிறார்கள்! ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்த ஒழுங்கு எவருடைய கண்காணிப்புக்காகவும் இல்லை. அது நூலுக்கான மரியாதை. கூடவே ஒரு நடைமுறை அறிவும் இருக்கிறது, ஏனென்றால் கையால் எழுதிய நூல் ஒன்று கிழிந்தால் இன்னொன்று வாங்கக் கடை இல்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ‘சுயவிபரக்கோவை’ என்று எழுதுகிறோமே, அந்தக் கோவை என்ன? கோர்த்தது. பனை ஓலையில் துளை போட்டு, கயிறு கோர்த்துக் கட்டினால் சுவடி. ஆங்கிலத்தில் பைல் என்ற சொல்லும் நூல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்துதான் வந்தது. அங்கேயும் கடுதாசிகளைக் கயிற்றில் கோர்த்துத்தான் தொங்கவிட்டார்கள். நமக்கு நூல் என்றால் புத்தகமும் அதுதான், தைக்கிறதும் அதுதான். தாபன விதிக்கோவை, தண்டனைச் சட்டக்கோவை என்று அரச தமிழில் இன்றும் அந்தக் கயிறு அறுபடவில்லை.

கயிறு கச்சேரியில் சிவப்பு நாடாவாக மாறியது. (தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: உங்களுக்குக் கச்சேரி என்றால் பாட்டு, எங்களுக்குக் கச்சேரி என்றால் வரிசை.) பிரித்தானியர் காலத்துக் கச்சேரியில் ஒரு கடிதம் எப்படி நடந்தது என்று பார்த்தால் மேசை ஒழுங்கின் புதிய அர்த்தம் விளங்கும். கடிதம் வரும், திகதி முத்திரை விழும், பதிவேட்டில் ஏறும், அந்த விடயத்துக்குரிய கிளாக்கரிடம் போகும், கோவையில் சேரும், பக்க இலக்கம் விழும், அவர் குறிப்பு எழுதுவார், மேலே போகும், துரை கையொப்பம் வைப்பார், திரும்பக் கீழே வரும். இந்தப் பயணத்தில் ஒரு கடுதாசி எந்த மேசையில் தூங்குகிறது என்பதுதான் நிர்வாகத்தின் பெரிய கவலை.

அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் லெனார்ட் வூல்ப். வேர்ஜினியா வூல்பின் கணவர் என்றால் இலக்கியம் படிப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இலங்கையில் வேலை பார்த்த காலத்தில் வந்த கடிதத்துக்கு வந்த அன்றே பதில் போக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றதையும், கிளாக்கர்மார் அதை வெறுத்ததையும் 1961 இல் வெளியான தன் சுயசரிதைப் பாகத்தில் எழுதியிருக்கிறார். மேசை இப்படிச் சுத்தமாக இருந்த அதே மனிதர் ஊருக்குப் போய் 1913 இல் ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ என்ற நாவலை வெளியிட்டார். அந்த நாவலில் ஒரு சேனைக் குடும்பம் அழிகிறது. அழிவு தொடங்கும் இடங்களில் ஒன்று, ஊர்த் தலைவன் சேனை வெட்டுவதற்கான பெர்மிட்டைக் கொடுக்காமல் விடுவது. ஒரு துண்டுக் கடுதாசி. மேசையில் எல்லாம் அன்றன்றே தீர்ந்தாலும், மேசைவரை வந்து சேராத மனிதர்களின் கதை அது. எங்கள் கருத்தில் வூல்ப் தன் மேசைக்கு எழுதிய பதிலே அந்த நாவல்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் அமெரிக்காவில் மேசையே உருமாறியது. 1874 இல் வூட்டன் என்பவர் காப்புரிமை பெற்ற மேசை ஒரு சின்ன அலுமாரி மாதிரி இருக்கும். கதவு இரண்டு, உள்ளே எண்ணற்ற சிறு அறைகள், பூட்டினால் எல்லாம் மறையும். அது முதலாளிமாரின் மேசை. 1893 சிகாகோ கண்காட்சியில் கடுதாசிகளை நிமிர்த்தி வைக்கும் பைல் முறை தங்கப் பதக்கம் பெற்றது. அதன்பிறகு கடுதாசி மேசையை விட்டுத் தனிக் கெபினெட்டுக்குப் போனது. 1915 இல் நியூயோர்க்கின் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகச் செய்யப்பட்ட மேசையில் தட்டையான பலகையும் சில லாச்சிகளும் மட்டும்தான். அதற்கு வைத்த பெயரே ‘நவீன திறன் மேசை’. முதுகுப் பக்கம் இருந்த உயரமான தட்டுகள் எல்லாம் போய்விட்டன. ஏன்? மேற்பார்வையாளர் மண்டபத்தின் ஒரு மூலையில் நின்றால் எந்தக் கிளாக்கர் வேலை செய்கிறார், எவருடைய மேசையில் குவிந்து கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கிளாக்கருக்கு ஒளித்துவைக்க இடம் இருக்கக்கூடாது. இன்றைக்கு ‘மினிமல்’ என்று நாம் ரசிக்கிற வெறும் மேசைக்குப் பூர்வீகம் இதுதான். அழகுக்காகப் பிறந்ததல்ல.

சரி, கல்முனைக்கு வருவோம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. தன் அரிசித் தேவையில் பாதிக்கு மேல் வெளியில் இருந்து எடுத்துக்கொண்டிருந்த இலங்கைக்கு அது பெரிய அடி. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நெல்லு விளைகிற இடங்களை நோக்கி அரசு திரும்பியது. கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரி திறந்து, உணவு உற்பத்தியைக் கூட்ட உதவி அரசாங்க அதிபராக ஏ.எம்.ஏ. அஸீஸை அனுப்பினார்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்தவர், யாழ். இந்துக் கல்லூரியில் படித்தவர், பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர் (எங்கட ஆள்!), இலங்கை சிவில் சேவைக்குள் போன முதலாவது முஸ்லிம். கல்முனைக்கு வந்தபோது முப்பது வயது.

அதுவரை ஒரு காணி விசயம் என்றால் கல்முனைக் கமக்காரர் சுமார் 40 கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்புக் கச்சேரிக்குப் போக வேண்டும். இப்போது மேசை ஊருக்குள் வந்துவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால் தமிழ் பேசுகிற, வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பக்கத்து ஸப்பில் நிற்கிற ஒருவர் இருந்தார். இதை நாங்கள் சின்ன விசயமாக நினைக்கவில்லை. பக்கத்தூர் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தருடனான அவருடைய நட்பும் கிழக்கில் வளர்ந்ததுதான்.

அஸீஸ் இங்கே கண்டது, வயல் நிறைய நெல்லும் பள்ளிக்கூடத்தில் வெறும் வாங்கும். 1942 இலேயே ஊர்க்காரர்களோடு சேர்ந்து கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதி வந்தது. பேச்சுப் போட்டிகளில் இதை உணர்ச்சியோடு சொல்வார்கள். ஆனால் புலமைப்பரிசில் நிதி என்பது கொஞ்சம் யோசித்தால் முழுக்க முழுக்க மேசை வேலை. விண்ணப்பப் படிவம் வேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இடாப்பு வேண்டும், கணக்குப் புத்தகம் வேண்டும், அடுத்த வருடம் அதே பிள்ளையின் கோவை கைக்கு வர வேண்டும். பிள்ளையின் கடுதாசி தொலைந்தால் பிள்ளையின் படிப்பும் தொலையும். கச்சேரி மேசையின் ஒழுங்கைத் துரைக்காகப் பழகிய ஒருவர், அதே ஒழுங்கைப் பிள்ளைகளுக்காகத் திருப்பிவிட்டார் என்றுதான் நாங்கள் வாசிக்கிறோம். அஸீஸை அறிஞராகக் கொண்டாடுகிறவர்கள் அவரை ஒரு நல்ல கோவைக்காரராகவும் கொண்டாடலாம்.

அதன்பிறகு மேசை மறுபடி தூரம் போனது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம். 1961 இல் மட்டக்களப்பின் தெற்குப் பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உருவானது. கரையில் இருக்கிறவர்களுக்குக் கச்சேரி அம்பாறையில். வீட்டுக்கு வரும் அரச கடிதங்கள் சிங்களத்தில். 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களக் கடிதம் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்களில் ஒருவரின் வீட்டுப் பைலில், உம்மா ‘முக்கியம்’ என்று தனியாக வைத்திருந்த ஒரு கடிதத்தைப் பல வருடம் கழித்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினோம். தண்ணீர்க் கட்டண அறிவித்தல். எந்தக் கடுதாசி குப்பை, எந்தக் கடுதாசி வாழ்க்கை என்று பிரிக்க முடியாதவர்களிடம் போய் ‘தேவையில்லாததை வீசு’ என்று எப்படிச் சொல்வது?

அதைத்தான் 5எஸ் சொல்கிறது. ஜப்பான் தொழிற்சாலைகளில் இருந்து வந்த முறை: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. தேவையில்லாததை நீக்கு, இடம் குறி, துப்புரவாக்கு, ஒரே மாதிரி வை, பழக்கமாக்கு. கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலை 2000 ஆம் ஆண்டில் இதைத் தொடங்கியது. பிறகு அது ஆபிரிக்க நாட்டு வைத்தியசாலைகளுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. அது உண்மையான சாதனை. மருந்து எங்கே இருக்கிறது என்று தேடுகிற நேரத்தில் ஓர் உயிர் போகலாம். ஆனால் அது பாடசாலைகளுக்கு வந்தபோது என்ன நடந்தது என்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். கதவில் ‘கதவு’ என்று லேபல். விளக்குமாறுக்கு மஞ்சள் கோடு. எங்களில் ஒருவர் படித்த பாடசாலையில் மதிப்பீட்டுக் குழு வருகிற கிழமை நூலகத்தையே பூட்டிவிட்டார்கள், அடுக்கிய புத்தகம் கலையக்கூடாதென்று. இப்னு ஜமாஆ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

இனி இந்தக் கரையின் உண்மையான கோவை அறைக்கு வருவோம். அது மேசையில் இல்லை. உம்மாவின் அலுமாரியில், சாரிகளுக்கு அடியில் இருக்கிறது.

ஏன் உம்மாவின் அலுமாரி? எங்கட ஊர்களில் வீடு மகளுக்குப் போகிறது. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். அக்கரைப்பற்றில் 1969 இல் இருந்து களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இந்தத் தாய்வழி ஏற்பாட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வீடு பெண்ணின் பெயரில் என்றால் உறுதியும் பெண்ணின் கையில். வாப்பாவின் வயல் பெர்மிட்டும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அடியில் உறுதி, அதற்கு மேல் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கிளினிக் கொப்பி, நகைக்கடைத் துண்டு. இடையில் பூச்சி உருண்டை, இராமபாணம் அரிக்காமல். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொலித்தீன் பை, ஏனென்றால் கடற்காற்று கடுதாசியைப் பிசுபிசுப்பாக்கும். யாரும் இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்தவில்லை, விருதும் கொடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26 அந்த அலுமாரிகளைத் தூக்கிக்கொண்டு போனது. இலங்கையில் சுனாமி அதிக உயிர் எடுத்த மாவட்டம் அம்பாறை, 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை முழுக்க. உயிரோடு மிஞ்சியவர்களுக்கு அடுத்த வேலை, தாங்கள் யார் என்று நிரூபிப்பது. அடையாள அட்டை இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை. மையித்துக் கிடைக்காதவருக்கு மரணச் சான்றிதழ் எடுப்பது எப்படி? அதற்கென்றே 2005 இல் விசேட சட்ட ஏற்பாடுகள் கொண்டுவர வேண்டியிருந்தது. வடக்கு கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவித்தபோது, ‘உள்ளே எனக்கு வளவு இருந்தது’ என்று சொல்ல உறுதி வேண்டும். உறுதி கடலில். அத்திவாரம் மட்டும் மண்ணில்.

நாங்கள் அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்கள். எங்களுக்கு அலை ஞாபகமில்லை, அலைக்குப் பிந்திய ஒழுங்குதான் ஞாபகம். பை இப்போது அலுமாரிக்கு அடியில் இல்லை, கதவுக்குக் கிட்ட ஆணியில் தொங்கும். 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி எச்சரிக்கை வந்த பின்னேரம், அந்தப் பை எதற்கு என்று முதல்முறை கண்டோம். சோறு அடுப்பில், செருப்பு வாசலில், தெரு முழுக்க மேற்கே ஓடும் சனம். பெண்கள் அநேகமானவர்களின் கையில் ஒரு பிள்ளை, மற்றக் கையில் ஒரு பை. அலை வரவில்லை. பை மறுபடி ஆணிக்குப் போனது.

போன நோன்பு விடுமுறையில் எங்களில் சிலர் ஒரு வேலை தொடங்கினோம். வீட்டுப் பைகளைத் திறந்து, ஒவ்வொரு கடுதாசியையும் போனில் ஸ்கேன் எடுத்து, பெயர், திகதி போட்டு ட்ரைவில் ஏற்றுவது. ஒரு வீட்டுக்கு ஒரு பின்னேரம் போகும் என்று கணக்குப் போட்டோம், மூன்று நாள் போனது. ஒவ்வொரு கடுதாசிக்கும் உம்மாவிடம் ஒரு கதை இருந்தது. இது உங்கட மூத்தம்மாட வளவு, இது வாப்பா மத்தியகிழக்கில இருந்து அனுப்பின முதல் ட்ராப்ட், இது தங்கச்சி பிறந்த நாள் ஆஸ்பத்திரித் துண்டு. கதையை எந்தப் போல்டரில் போடுவதென்று தெரியாமல் குரல் பதிவும் எடுத்துக்கொண்டோம். எல்லாம் முடிந்து, “இனிப் பயமில்ல உம்மா, எல்லாம் மேல இரிக்கி” என்று ஒருவர் போனைக் காட்டினார். உம்மா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லது மகன். மறுகா எடுத்த அதே வரிசையில பைக்குள்ள வெய்.”